ஆமூர் மல்லன் பெயர் என்ன?

கலூரில் பெரிய ஆட்டம் நடக்கும் மாலைகளில் அந்தப் பகுதியின் முகமே மாறிவிடும். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜவஹர்லால் நேரு சர்வதேச அரங்கம் அங்கேதான் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அங்கே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஒருநாள் கிரிக்கெட் பந்தயத்தில், மட்டைக்குப் பேர்போன சச்சின் டெண்டுல்கர் பந்து வீசி ஐந்து பேரை வீழ்த்திய கதையைக் கொச்சியில் நடுவயது கடந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் குழுவுக்காக மஞ்சள் சட்டைக் கூட்டம் அங்கே திரண்ட இரவுகள் எத்தனையோ. மறுநாள் காலைப் பத்திரிகையில் அந்த இரவுகளுக்கு முழுப் பக்கம் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான்.

அந்த அரங்கின் வாசலில் மெட்ரோ ரயில் ஏறினால் கலூர், டவுன் ஹால், எம்.ஜி. ரோடு என்று கடந்து நான்காவது நிலையத்தில் இறங்கலாம். அதற்கு மகாராஜாஸ் கல்லூரி என்று பெயர். அக்கல்லூரி மைதானத்தில் 2024 நவம்பரில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா பெரும் ஆரவாரத்துடன் தொடங்கியது உண்மை. ஆனால் மாவட்ட அளவிலோ அதற்கும் கீழேயோ ஒரு தடகளப் போட்டி நடக்கும் சாதாரண நாளில் அங்கே யார் இருப்பார்கள்? ஓடும் பிள்ளைகள், அவர்களுடைய பயிற்சியாளர்கள், வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்த ஒன்றிரண்டு தாய் தந்தையர், விசிலும் கொடியுமாக நடுவர்கள். இவர்களுக்கு நடுவே, ஓரமாக நிழல் தேடி நின்றுகொண்டு, முடிவுத் தாளைக் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டில் பெயர்ப்பெயராக எழுதிக்கொள்ளும் மனிதர் ஒருவர் இருந்தால், அவர் அநேகமாக உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியைச் சேர்ந்தவராக இருப்பார்.

இந்த மனிதரைப் பற்றித்தான் நாம் சிந்திக்கப் போகிறோம். எவரும் பணம் கொடுக்காத ஓட்டத்தை ஓடுகிறவர்களையும், எவரும் சீட்டு வாங்கிப் பாராத பந்தயத்தையும் பற்றி ஒருவர் வாழ்நாளெல்லாம் எழுதுகிறார். உலகத் தரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை ஒன்றுமில்லை. அவற்றை எழுதுவதால் விற்பனை பெருகுவதுமில்லை. அப்படியானால் அவர் செய்வது என்ன? பிள்ளை விளையாட்டைப் பெரிதுபடுத்தும் பேதைமையா? அல்லது பெரிய பத்திரிகைகள் செய்யத் தவறிய ஒரு நீதியை அவர் தம் சிறு பக்கத்தில் செய்கிறாரா?

எளிதில் விடை சொல்லிவிடக் கூடாத கேள்வி இது. புகழ் என்பது தகுதிக்கு உரியது என்று நாம் நம்புகிறோம். தகுதியை அளப்பதற்கு ஒரே அளவுகோல்தான் உண்டு என்றால், உலகில் நூறு மீட்டரை விரைவாக ஓடுகிற எட்டுப் பேரைத் தவிர மற்றவர்களைப் பற்றி எழுதுவது வீண். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆயினும் அந்த எட்டுப் பேரும் ஒரு நாள் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் ஓடியவர்கள்தாம் என்று சிலர் மறுமொழி சொல்வார்கள். அந்த மறுமொழி எனக்குத் திருப்தி தரவில்லை. ஓடியவர்களில் ஆயிரத்தில் ஒருவர் பெரியவராகக்கூடும் என்பதற்காக மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரையும் கவனிப்பது, பொன் கிடைக்கும் என்று மண்ணைச் சலிப்பவனின் கவனிப்பு. பொன் கிடைத்ததும் அவன் மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடுவான். நாம் பேசும் ஆசிரியர் அப்படிப்பட்டவரல்லர்.

கேரளத்தில் இத்தகைய எழுத்துக்கு ஒரு மரபு உண்டு. அதன் தாயகம் கோழிக்கோடு எனலாம். 1923இல் அந்நகரில் தோன்றிய 'மாத்ருபூமி' நாளிதழில் வி. எம். பாலச்சந்திரன் என்பவர் 'விம்சி' என்ற பெயரில் நெடுங்காலம் விளையாட்டைப் பற்றி எழுதினார். மலையாள விளையாட்டு எழுத்தின் முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். அதே நகரில் 'சந்திரிகா' நாளிதழில் பணிபுரிந்தவர் பி. ஏ. முகம்மது கோயா. இலக்கிய வாசகர்கள் அவரைச் 'சுல்தான் வீடு' என்ற நாவலின் ஆசிரியராக அறிவார்கள். மைதானத்துக்குப் போகிறவர்கள் 'முஷ்டாக்' என்ற புனைபெயரால் அறிந்தார்கள். அவர் பெயரால் இன்றும் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு விருது வழங்கப்படுகிறது. ஒரு கூட்டுக் குடும்பத்தின் உள்ளறைகளில் நிகழ்வதை நாவலாக எழுதிய அதே கை, மாலையில் கால்பந்து மைதானத்தில் நிகழ்வதையும் எழுதியது என்பதில் எனக்கு வியப்பில்லை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே குணம்: அருகில் இருப்பதை அற்பமென்று எண்ணாத கண்.

கொச்சியும் இந்த மரபுக்கு அயலூர் அன்று. கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானத்தில் ரூஃபஸ் டிசூசா என்பவர் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிறுவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கால்பந்தும் ஹாக்கியும் கற்றுக் கொடுத்தார். எறணாகுளம் மாவட்டத்தின் மலையோரமான கோதமங்கலத்தில் செயின்ட் ஜார்ஜ் பள்ளியும் மார் பேசில் பள்ளியும் மாநிலப் பள்ளித் தடகளத்தில் பல ஆண்டுகள் ஒன்றையொன்று விரட்டின. அந்தப் போட்டாபோட்டியைப் பின்தொடர்வதற்கென்றே வாசகர் கூட்டம் ஒன்று இருந்தது. விளையாட்டு வீரர்கள் தாமாக உருவாகலாம். போட்டாபோட்டி என்பது எழுதுகிறவர் ஒருவர் இருந்தால்தான் ஆண்டுக்கு ஆண்டு நினைவில் நிற்கும்.

இதெல்லாம் அச்சு இயந்திரம் வந்த பிறகு வந்த வழக்கம் என்று நினைத்தால் அது சரியன்று. நம் புறநானூற்றில் உள்ளூர் விளையாட்டுச் செய்தி இருக்கிறது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்து வாழ்ந்த காலத்தில், முக்காவனாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றான். அந்த மற்போரைச் சாத்தந்தையார் பாடினார். 80ஆம் பாட்டில், எந்தக் கால் எதிரியின் மார்பில் ஊன்றியது, மற்றொரு கால் எங்கே நின்று அவன் உபாயத்தைத் தடுத்தது என்பதுவரை அவர் குறித்து வைத்திருக்கிறார். நேரில் கண்டவனே சொல்லக்கூடிய நுட்பம் அது. 82ஆம் பாட்டில் போரின் வேகத்துக்கு ஓர் உவமை தேடுகிறார். மின்னலையோ புலியையோ அவர் நாடவில்லை. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை பிடித்துக்கொண்டது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னி முடிக்க வேண்டும். அவன் கை ஊசியின் வேகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்ததாம் அந்தப் போர். பார்வையாளரில் எவனோ ஒருவனுக்கு நேர்ந்த அவசரத்தைக் கொண்டு களத்தில் நிற்பவனின் விரைவை அளக்கிற இந்த முறை, உள்ளூரில் வாழ்ந்து எழுதுகிறவனுக்கே கைவரும்.

நக்கண்ணையார் பாடிய 85ஆம் பாட்டும் இங்கே நினைக்கத்தக்கது. வெற்றி அவனுக்கே என்று ஊரில் ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை என்று மற்றொரு சாரார் சொன்னார்கள் என்கிறார் அவர். ஆட்டம் முடிந்த பின் டீக்கடையில் நடக்கும் வழக்கு ஈராயிரம் ஆண்டுகளாக முடியவில்லை!

ஆனால் ஒன்று. இத்தனை கவனமாக எழுதப்பட்ட அந்தப் போரில் தோற்றவன் பெயர் என்ன? தெரியாது. ஆமூர் மல்லன் என்பதோடு சரி. அரசன் மகனுக்குப் பெயர் உண்டு, தந்தைக்குப் பெயர் உண்டு, பாடியவர் இருவருக்கும் பெயர் உண்டு, ஊருக்கும் நாட்டுக்கும் பெயர் உண்டு. தன் ஊர்க் களத்தில், தன் ஊரார் முன்னிலையில் நின்று, பலர் கண்ணுக்கு வென்றவனுக்கு நிகராகத் தோன்றிய அந்த மனிதனுக்கு மட்டும் பெயர் இல்லை. புலவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பாடப்பட்டவன் யாரோ அவனைச் சுற்றியே பாட்டு நிற்கும்; அது இலக்கியத்தின் நியாயம். பத்திரிகையின் நியாயம் வேறு என்பதுதான் என் கருத்து. முடிவுத் தாளில் இருக்கும் பெயர்களுள் எதை விடுவது என்று தீர்மானிக்கும்போதெல்லாம் ஓர் ஆசிரியர் ஏதோ ஓர் ஆமூர் மல்லனை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மாற்றான வழக்கமும் நம்மிடம் இருந்தது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்காக நட்ட கல். ஊர், நிகழ்ச்சி, ஆளின் பெயர் ஆகியவை அதில் இருக்கின்றன. அரசன் பெயர் இல்லை. புகழ்ச் சொல்லும் இல்லை. யார், எங்கே, எதில் என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுதி வைத்த அந்தக் கல்தச்சனை நம் ஆசிரியரின் முன்னோன் என்று சொல்வதில் தவறில்லை.

பெயரை எழுதுவது எளிய வேலை என்று தோன்றலாம். மைதானத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கடினம் தெரியும். ஸ்டாப் வாட்சைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரம் எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். துப்பாக்கிப் புகையைக் கண்டு விரல் அசைவதற்குள் ஓடுகிறவர் புறப்பட்டுவிடுகிறார். நூறு மீட்டரில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 0.24 நொடி என்று தடகள விதிகள் கணக்கிடுகின்றன. பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் குறு ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் சாதனை செல்லாது. சிறு போட்டிகளில் காற்றளக்கும் கருவியே இராது. எனவே ஒரு சிறுவன் ஊர் மைதானத்தில் ஓடிய நேரத்தை மாநிலச் சாதனையோடு ஒப்பிட்டு முழங்க விரும்பும் ஆசிரியர் முதலில் 'கையால் எடுத்த நேரம்' என்று இரண்டு சொல் சேர்த்தாக வேண்டும். அந்த இரண்டு சொல் தலைப்பின் கவர்ச்சியைக் கெடுத்துவிடும். சேர்க்கிறாரா, விடுகிறாரா என்பதில் அவருடைய குணம் தெரிந்துவிடும்.

உள்ளூர்ப் பக்கத்தின் பெரும்பாவம் புறக்கணிப்பு அன்று, மிகைப்புகழ்ச்சி. பய்யோலியில் வளர்ந்த பி. டி. உஷா 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடி, நொடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்து நான்காமவராக வந்தார். அன்று தொட்டுக் கேரளத்தில் வேகமாக ஓடிய சிறுமிகளுக்கெல்லாம் 'அடுத்த உஷா' என்ற பட்டம் காத்திருந்தது. பதின்மூன்று வயதுக் குழந்தையின் தலையில் இதைவிடக் கனமான கிரீடத்தை வைக்க முடியாது. மறு ஆண்டு அவள் வேகம் குறைந்தால், வளர்ச்சிப் பருவத்தில் அது இயல்பே என்றாலும், ஊர் அவளை ஏமாற்றியவளைப் போலப் பார்க்கும். அவள் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் பெயரால் வாக்குக் கொடுத்தது பத்திரிகை. இருப்பதை இருக்கிற அளவில் சொல்வதே ஒரு பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. 'இன்று நன்றாக ஓடினாள்' என்பது போதும். அதற்கு மேல் அவள் கேட்கவுமில்லை.

இனி இந்தத் தொழிலின் நடுவிலிருக்கும் சிக்கலுக்கு வருவோம். உள்ளூர் ஆசிரியர் தாம் எழுதுகிற ஆட்களை மறுநாள் காலையில் சந்தைக்குப் போகும்போது நேரில் காண்கிறார். தலைநகரத்திலிருந்து எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அருகாமை உண்மையைக் கெடுக்குமா, காக்குமா? இரண்டும் செய்யும் என்பதே அனுபவம்.

கெடுப்பதைப் பார்ப்போம். ஒரு பயிற்சியாளர் நெடுநாள் நண்பர். ஏழைப் பிள்ளைகளைத் தம் சொந்தச் செலவில் போட்டிகளுக்கு அழைத்துச் செல்கிறவர். அவருடைய பையன் ஒருவனின் பிறப்புச் சான்றிதழ் பொய் என்றும், பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பத்தொன்பது வயதானவன் ஓடுகிறான் என்றும் ஆசிரியருக்குத் தெரியவருகிறது. வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கம் நம் நாட்டு இளையோர் விளையாட்டில் பழைய நோய். எழுதினால் நண்பர் போவார், பையனின் வேலைவாய்ப்பும் போகும். எழுதாமல் விட்டால்? அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த உண்மையான பதினாறு வயதுப் பையன், தனக்குத் திறமை போதாது என்று நம்பி ஓடுவதையே விட்டுவிடுவான். கருணை கண்முன் நிற்பவன் மேல்தான் பாயும். தோற்றுப் பேருந்து ஏறிப் போனவன் மேல் பாயாது. அவனையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவரே இந்த வேலைக்குத் தகுந்தவர்.

விழாவை நடத்துகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்களாகவும் நல்லவர்களாகவும் இருக்கும்போது குறையைச் சுட்ட நாவெழாது என்பது இன்னொன்று. 2019 அக்டோபரில் பாலாவில் நடந்த மாநில இளையோர் தடகளப் போட்டியில் உதவிக்கு நின்ற பள்ளி மாணவன் ஒருவன் தலையில் சம்மட்டி விழுந்து, அதே மாதத்தில் உயிரிழந்தான். ஈட்டி எறிதலும் சம்மட்டி எறிதலும் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டது பிறகு பெரும் கேள்வியாயிற்று. இப்படிப்பட்ட கேள்வி போட்டி தொடங்குவதற்கு முன் எழ வேண்டியது. மைதானத்தைத் தம் கைரேகையைப் போல அறிந்த ஒருவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்? விளையாட்டின் மேல் உள்ள அன்பு, விளையாட்டை நடத்துகிறவர்கள் மேல் உள்ள தாட்சணியமாக மாறிவிடுவதை அவர் அனுமதிக்கக் கூடாது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்காவில் ஜிம் தார்ப் என்ற பழங்குடி இளைஞர் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டாத்லான், டெகாத்லான் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரின் 'டெலிகிராம்' என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. தார்ப் அதற்கு முன்பு கோடை மாதங்களில் சிறு தொகை வாங்கிக்கொண்டு சிற்றூர் பேஸ்பால் குழுவில் ஆடியிருக்கிறார் என்பது செய்தி. செய்தி மெய்தான். அமெச்சூர் விதியின்படி பதக்கங்கள் பறிக்கப்பட்டன. போட்டி முடிந்து முப்பது நாளுக்குள் முறையீடு வந்திருக்க வேண்டும் என்று ஒலிம்பிக் விதி இருந்ததை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 1953இல் தார்ப் இறந்தார். 1982இல் பதக்கங்களைத் திருப்பித் தர முடிவாயிற்று. அவரே தனி வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 ஆயிற்று. பணக்காரப் பிள்ளைகள் பணம் வாங்காமல் ஆடலாம், ஏழைப் பிள்ளை கோடை விடுமுறையில் கூலிக்கு ஆடினால் களங்கம் என்ற அந்த விதியின் அநியாயத்தை அன்று எத்தனை பத்திரிகைகள் கேட்டிருக்கும்? குற்றத்தை எழுதிய பக்கத்திலேயே விதியையும் விசாரித்திருக்க வேண்டும். உண்மை பாதியோடு நின்றால் அதுவும் ஒருவகைப் பொய்க்கே துணை போகும்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று இன்னும் அருகில் இருக்கிறது; சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவச் செய்தி, மருத்துவருக்கும் அவருக்கும் மட்டும் உரிய செய்தி, நாடெங்கும் தலைப்பாக ஓடியது. அவர் எந்த மோசடியும் செய்யவில்லை. பிறந்த உடலோடு ஓடினார், அவ்வளவே. பிற்காலத்தில் அவர் சூளையில் கூலி வேலைக்குப் போனதையும், பிறகு தமிழ்நாட்டில் தடகளப் பயிற்சியாளராகப் பணி பெற்றதையும் நாம் அறிவோம்.

அந்தச் செய்தியை அச்சிட்டவர்களில் எத்தனை பேர் கத்தக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அறிவார்கள்? எத்தனை பேர் அடுத்த நாள் அந்தப் பெண்ணின் தாயை எதிரில் கண்டிருப்பார்கள்? இங்கேதான் அருகாமை காக்கும் என்று சொல்கிறேன். அந்த வீட்டு வாசலைக் கடந்து தினமும் நடக்க வேண்டிய ஒருவர் எழுதியிருந்தால், பேனா சற்று நின்றிருக்கும். பொய் வயதுச் சான்றிதழை எழுத வேண்டும் என்று சொன்ன நானே இதை எழுதக் கூடாது என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். முரண்பாடு இல்லை. ஒன்று ஒருவர் செய்த காரியம். அதனால் இன்னொரு பிள்ளைக்கு உரியது பறிபோகிறது. அதை ஊர் கேட்கலாம். மற்றொன்று ஒருவர் இருக்கிற விதம். அதைப் பற்றி விதிகளை வகுத்தவர்கள் விவாதிக்கட்டும், அவர் பெயரைத் தெருவில் இழுத்து அல்ல. இந்த எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் முழுவதாக எழுதி வைக்கவில்லை. மறுநாள் அவர்களை எதிர்ப்பட வேண்டும் என்ற உணர்வு பெரும்பாலும் அதைச் சரியாகக் காட்டிவிடுகிறது.

இப்படிச் சிறுகச் சிறுக எழுதி வைத்ததெல்லாம் என்றேனும் பயன்படுமா? பாலக்காடு மாவட்டத்து முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா பள்ளிப் போட்டிகளிலேயே கேரள வாசகர்களுக்குப் பழகிய பெயர். 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் 1500 மீட்டரில் ஆசியப் பட்டம் வென்ற பிறகும் அவர் லண்டன் உலகப் போட்டிக்கான இந்தியக் குழுவில் சேர்க்கப்படவில்லை. வழக்கு எறணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவரைச் சேர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. காலம் கடந்துவிட்டதென்று உலகத் தடகள அமைப்பு ஏற்கவில்லை. அவர் லண்டனில் ஓடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஆளில்லாத பெயராக அது இல்லை. முண்டூர் எங்கே இருக்கிறது, அந்தப் பெண் என்னென்ன ஓடினாள் என்று கேரளம் அறிந்திருந்தது. அறிந்ததற்குக் காரணம், அவள் யாரென்று எவருக்கும் தெரியாத நாட்களில் யாரோ ஒருவர் மைதானத்தில் நின்று எழுதியதுதான்.

பிழைப்புத் தேடி மலையாள நாட்டுக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலும், கோட்டைக் கொச்சி வேளியின் சலவைத் துறையிலும், வாத்துருத்திக் குடியிருப்பிலும் வாழ்ந்த தமிழர்களைப் பத்திரிகைகள் எப்போது எழுதின? குடிநீர் இல்லை, வீடு இல்லை, விபத்து, வழக்கு என்றபோது எழுதின. அவை எழுத வேண்டியவையே. ஆனால் அவற்றில் நாம் ஒரு கூட்டமாகத்தான் வந்தோம், 'தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள்' என்ற ஒரே பெயரோடு. பள்ளிப் போட்டியின் முடிவுப் பட்டியலில்தான் நம் பிள்ளை தன் பெயரோடு, தன் பள்ளியின் பெயரோடு, மற்றப் பிள்ளைகளின் பெயருக்கு மேலும் கீழுமாக வருகிறது. அந்தப் பட்டியலில் ஊர்க்காரன், வந்தவன் என்ற பிரிவு இல்லை. முதலில் வந்தவன், இரண்டாவதாக வந்தவன் என்ற பிரிவு மட்டுமே. மலையாளம் படிக்கத் தெரியாத தாய்கூட அந்தத் துண்டைக் கத்தரித்துச் சாமி படத்தின் ஓரத்தில் செருகி வைப்பதன் பொருள் இதுதான்.

இதில் நமக்கு வாய்த்த ஒரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பத்திரிகையில் நம் பெயர்கள் படும்பாடு தெரிந்ததே; எழிலரசியையும் வள்ளியம்மையையும் எந்த எழுத்தில் எழுதினாலும் வாயில் வேறாகத்தான் வரும். மலையாளத்துக்கு ழகரமும் ளகரமும் றகரமும் ணகரமும் சொந்தம். எழிலரசி என்ற பெயரை மலையாள எழுத்தில் ஓர் ஒலி குறையாமல் அச்சிடலாம். முதலெழுத்து மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வழக்கத்தில் அது பெரும்பாலும் தந்தையின் பெயர், ஊரும் வீடும் அன்று என்பதை அங்குள்ளவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். பக்கம் முடியும் நேரத்தில், பெண்கள் மூவாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்த பிள்ளையின் முதலெழுத்து 'மு'வா 'மூ'வா என்று சந்தேகம் வந்து, அதற்காகப் பள்ளி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.